சம்பளம் வரும் பின்னே, டியூ வரும் முன்னே!

தவணைக் கடன், மாறியிருக்கும் காப்பீட்டு விதிகள், தேதி தவறும் வரவு... வடமதுரை வட்டாரக் குடும்பங்கள் மாதக் கணக்கை மீட்டெடுப்பது எப்படி? ஒரு முழு அலசல்.

திண்டுக்கல்லில் இருந்து திருச்சி சாலையில் வடக்கே வந்தால் வடமதுரை. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கும் பேரூராட்சி. வேடசந்தூர் பக்கம் திரும்பினால் நூற்பாலைகள், அய்யலூர் பக்கம் போனால் தக்காளிக் காடுகள். இந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் பணம் பல வழிகளில், பல நாள்களில் வருகிறது. ஆலை வேலைக்குப் போகிறவருக்கு மாதச் சம்பளம். தக்காளி பறிக்கப் போகிறவருக்கு அன்றாடக் கூலி. ஆடு வளர்ப்பவருக்கு அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தை. குடும்பத் தலைவிக்கு 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை தீபாவளி போனஸ்.

போகிற பணத்துக்கோ தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. பைக் டியூ இரண்டாம் தேதி. செல்போன் டியூ மூன்றாம் தேதி. ஃபிரிட்ஜ் டியூ ஐந்தாம் தேதி. கைமாற்று கொடுத்தவரிடம் 'ரெண்டு நாள் பொறுங்க' என்று சொல்லலாம். வங்கிக் கணக்கில் தானாகப் பிடித்துக்கொள்ளும் தவணையிடம் அப்படிச் சொல்ல முடியாது. குடும்பங்களைத் திணறடிப்பதில் வருமானக் குறைவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு இந்தத் தேதிப் பொருத்தமின்மைக்கும் உண்டு. அதைச் சரிசெய்யாமல் 'சிக்கனமாக இருங்கள்' என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை.

வளைந்துகொடுத்த பழைய கடன்

கடன் இந்த ஊருக்குப் புதிதல்ல. மளிகைக் கடையில் நோட்டுப் போட்டு வாங்கி, சம்பளம் வந்ததும் அடைப்பது கடன்தான். காது குத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் எழுதுகிற செய்முறையும் ஒருவகையில் கடன்தான். இன்று நம் வீட்டு விசேஷத்தில் வருகிற மொய்யை, எழுதியவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். வட்டி கிடையாது, திருப்ப வேண்டிய நாளை அந்த வீட்டு விசேஷமே தீர்மானிக்கும். ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, சுயஉதவிக் குழுச் சேமிப்பு எல்லாம் இதே வகையறா. 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு முறை தமிழகம் முழுக்க வேர்பிடித்ததற்கு ஒரு காரணம், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்ததுதான்.

அந்தக் காலமே நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. மீட்டர் வட்டியும் தண்டலும் குடும்பங்களை அழித்திருக்கின்றன. 2003-இல் தமிழக அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்ததும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டதும் நம் கண் முன் நடந்தவை. வட்டிக்காரரின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்ற தவிப்பு நியாயமானது. அந்தத் தவிப்புள்ள வீட்டுக்குள்தான் 'இப்போது வாங்குங்கள், பிறகு கொடுங்கள்' என்ற புதிய கடன் செல்போன் வழியே நுழைந்திருக்கிறது.

அதில் பல வகை உண்டு. இன்று பொருளை வாங்கிவிட்டு அடுத்த மாதம் மொத்தமாகக் கொடுப்பது ஒன்று. மூன்று, ஆறு, ஒன்பது தவணைகளாகக் கட்டுவது இன்னொன்று. செயலியில் நேரடியாகச் சிறு கடன் வாங்குவது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் பொதுவானது வேகம். ஆதார், பான் எண், ஒரு செல்ஃபி, ஓ.டி.பி. போதும், சில நிமிடங்களில் கடன் கிடைத்துவிடுகிறது. யோசிக்கக் கிடைக்கும் நேரமும் அவ்வளவுதான்.

வட்டியே இல்லையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

'வட்டி இல்லாத் தவணை' என்ற பலகை இன்று செல்போன் கடைதோறும் தொங்குகிறது. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று வங்கிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வட்டி எங்கேயோ ஒளிந்திருக்கும். சில நேரம் தயாரிப்பாளர் அதை ஏற்றுக்கொள்வார். பல நேரம் அது செயலாக்கக் கட்டணமாக வரும். அல்லது ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியாகக் காணாமல் போகும்.

ஓர் எடுத்துக்காட்டு. 12,000 ரூபாய் செல்போன்; மாதம் 2,000 வீதம் ஆறு தவணை; வட்டி இல்லை. அதே போனை ரொக்கம் கொடுத்தால் கடைக்காரர் 11,300 ரூபாய்க்குத் தருவார் என்று வைத்துக்கொள்வோம். தவணைக்குப் போனால் செயலாக்கக் கட்டணம் 500 ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டும். அப்படியென்றால் உங்களுக்கு உண்மையில் கிடைத்த கடன் 10,800 ரூபாய். திருப்பிக் கட்டுவது 12,000. வெறும் 1,200 ரூபாய் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால், அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், உண்மை வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாய் 10 காசு. ஆண்டுக்குச் சுமார் 37 சதவிகிதம். ஊர்ப் பேச்சில் சொன்னால், மூணு வட்டிக்கும் மேலே! மூணு வட்டிக்குக் கடன் வாங்க நாம் நூறு முறை யோசிப்போம். பலகையில் பூஜ்யம் என்று எழுதியிருந்தால் யோசிப்பதில்லை.

தாமதக் கட்டணம் இதைவிடக் கொடுமை. பிறகு கொடுக்கலாம் என்று 1,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கி, ஐந்து நாள் தாமதமாகக் கட்டியதற்கு 100 ரூபாய் அபராதம் என்றால், ஐந்தே நாளில் நூற்றுக்குப் பத்து. தொகை சிறிதாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை. விகிதமாகப் பார்த்தால் தண்டல்காரர்கூடக் கேட்கத் தயங்குவார்.

தவணைக்கு ஆள் சேர்ப்பவர்கள் சொல்லும் 'வருடத்துக்கு 12 சதவிகிதம்தான்' என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி போடும் நிலை வட்டி முறையில், பன்னிரண்டு மாதக் கடனுக்கு 12 சதவிகிதம் என்பது உண்மையில் 21 சதவிகிதத்தைத் தாண்டும். ஆகவே எந்தக் கடனானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: ரொக்க விலை என்ன? எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டு வட்டி விகிதம் என்ன?

இரண்டு, மூன்று, ஐந்து... ஏழு!

இனி தேதிக்கு வருவோம். கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு ஆலையில் கைக்கு 15,000 ரூபாய். மனைவியின் கூலி 5,000. உரிமைத்தொகை 1,000. மொத்தம் மாதம் 21,000. கடன் பக்கம், பைக் 2,800, செல்போன் 2,000, ஃபிரிட்ஜ் 1,650, செயலிக் கடன் 1,550, குழுக்கடன் 2,400. மொத்தம் 10,400 ரூபாய்.

2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நுண்கடன் விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் எந்தக் கடனும் நுண்கடன்தான். செல்போன் வழியே கொடுத்தாலும் அப்படியே. அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தொகை, வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நம் குடும்பத்துக்கு அந்த எல்லை 10,500. கட்டுவது 10,400. விதி மீறப்படவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் மூழ்கும். ஏன்?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்கச் சொல்கிறது. அதன்படி ஏழாம் தேதி சம்பளம் ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். பைக், செல்போன், ஃபிரிட்ஜ் டியூக்கள் 2, 3, 5 தேதிகளில் வந்து கணக்கைத் தட்டுகின்றன. கணக்கில் பணம் இல்லை. மூன்றும் திரும்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் வங்கி 250 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 295 ரூபாய் பிடிக்கிறது, கடன் கொடுத்தவர் 500 ரூபாய் போடுகிறார் என்றால், ஒரே வாரத்தில் 2,385 ரூபாய் நஷ்டம். செல்போனின் ஒரு மாதத் தவணையைவிட அதிகம்! கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும், கதை மாறாது. வருமானம் இருந்தும், வெறும் ஐந்து நாள் இடைவெளியில் இந்தப் பணம் பறிபோகிறது.

இதைத் தவிர்க்க அந்தக் குடும்பம் என்ன செய்யும்? இன்னொரு செயலியில் 5,000 ரூபாய் வாங்கி முந்தைய டியூக்களைக் கட்டும். பிறகு அதற்கும் ஒரு தேதி வரும். கடனைக் கடனால் அடைக்கத் தொடங்கும் இந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இதைத் தாண்டிவிட்டால் திரும்புவது மிகக் கடினம்.

ரிசர்வ் வங்கி போட்ட வேலி

சுவீடனில் 2005-இல் தொடங்கிய கிளார்னா, ஆஸ்திரேலியாவில் 2014-இல் தொடங்கிய ஆஃப்டர்பே ஆகியவை இந்த வணிகத்தை உலகம் முழுக்கப் பரப்பின. ஆண்டுக்கணக்கில் விதிவிலக்காக இருந்த இந்தக் கடனை, ஆஸ்திரேலியா 2025 ஜூன் 10 முதல் கடன் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. உரிமம் இல்லாமல் அங்கே இனி தொழில் நடத்த முடியாது.

இந்தியாவில் வேலி முன்னதாகவே போடப்பட்டது. 2022 ஜூனில், கடன் பணத்தை எடுத்து ப்ரீபெய்டு கார்டுகளிலும் வாலட்களிலும் நிரப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டிஜிட்டல் கடன் விதிகள் வந்தன. 2015-இல் பெங்களூருவில் தொடங்கி, இந்தத் துறையின் முன்னணிப் பெயராக இருந்த ஜெஸ்ட்மணி, 2023 இறுதியில் மூடப்படும் நிலைக்கு வந்து, பிறகு வேறொரு குழுமத்தின் கைக்குப் போனது. 2023 நவம்பரில் பஜாஜ் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் இரண்டு வகைக் கடன்களையே ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது. கடன் விவரத் தாளை வாடிக்கையாளருக்கு முறையாகக் கொடுக்கவில்லை என்பதே முக்கியக் காரணம். குறைகளைச் சரிசெய்த பிறகு, 2024 மே மாதம் தடை விலக்கப்பட்டது.

அந்தக் கடன் விவரத் தாள்தான் நம் கையில் இருக்கும் ஆயுதம். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குத் தரும் சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் இது கட்டாயம். எல்லாக் கட்டணத்தையும், கடனோடு ஒட்டி வரும் காப்பீட்டுத் தொகையையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும். அதில் எழுதாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்கக் கூடாது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி. 'தமிழில் கொடுங்கள்' என்று கேட்பது சலுகை இல்லை, உரிமை.

இன்னும் சில உரிமைகள். டிஜிட்டல் கடன் வாங்கிவிட்டு மனம் மாறினால், குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்துக்குள் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியேறலாம். செயலி உங்கள் செல்போனில் உள்ள தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுக்கக் கூடாது. முறையான கடன் செயலிகளின் பட்டியலை 2025 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. தொடர்பு எண்களைக் கேட்கும் செயலியை அந்த நொடியே நீக்கிவிடுங்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் அறிவதில்லை. 500 ரூபாய்க் கடனும் கடன்தான். அது சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகிறது. பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை விவரம் புதுப்பிக்கும் முறை 2025 தொடக்கத்தில் வந்தது. இன்று ஒரு ஹெட்போனுக்காகத் தவறிய தவணை, நாளை வீட்டுக் கடனுக்கோ மகளின் கல்விக் கடனுக்கோ போகும்போது குறுக்கே நிற்கும்.

கையில் இருக்கும் காப்பீடு

ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் ஃபிரிட்ஜும் செல்போனும் இல்லை. திடீரென்று வரும் மருத்துவச் செலவும் சம்பாதிப்பவரின் மரணமும்தான். தவணைகளால் ஏற்கெனவே இறுகிப்போன வீட்டில் அப்படி ஓர் அடி விழுந்தால் எழுந்திருக்கவே முடியாது. ஆகவே கடனைப் பற்றிப் பேசும்போது காப்பீட்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

முதலில், ஏற்கெனவே இருப்பதைத் தெரிந்துகொள்வோம். ஆலையில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவிகிதம், நிறுவனம் கட்டுவது 3.25 சதவிகிதம். 15,000 ரூபாய் ஊதியத்துக்கு உங்கள் பங்கு மாதம் சுமார் 113 ரூபாய். இதற்கு ஈடாகக் குடும்பத்துக்கே மருத்துவம். நோயால் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு, தகுதி இருந்தால், ஊதியத்தில் 70 சதவிகிதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பி.எஃப். பிடித்தம் உள்ளவருக்கு, பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை தரும் காப்பீடும் சேர்ந்தே வருகிறது. இதற்குத் தனியாக ஒரு ரூபாய்கூடத் தொழிலாளி கட்டுவதில்லை. பி.எஃப். கணக்கில் வாரிசு பெயர் பதிவாகி இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளலாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் இருந்து நடக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து ஊருக்கு இது உயிர் காக்கும் தகவல்.

காப்பீட்டில் என்ன மாறியிருக்கிறது?

பெரிய மாற்றம் வரியில். 2025 செப்டம்பர் 22 முதல், தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் 18 சதவிகித ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டது. குடும்பத்துக்கு எடுக்கும் மருத்துவ பாலிசியும் இதில் அடங்கும். 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு முன்பு 23,600 கட்டினோம், இப்போது 20,000. ஆனால், நிறுவனங்கள் தாங்கள் கட்டும் வரியை முன்போலக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், அடிப்படைப் பிரீமியம் ஏறலாம். புதுப்பிக்கும்போது பழைய ரசீதை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். குழுக் காப்பீட்டுக்கும் பைக் காப்பீட்டுக்கும் 18 சதவிகித வரி தொடர்கிறது.

மருத்துவக் காப்பீட்டு விதிகள் 2024-இல் தளர்ந்தன. 65 வயதுக்கு மேல் புது பாலிசி தர மாட்டோம் என்று வயதைக் காட்டி மறுக்கும் வழக்கம் போனது. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் நான்கு ஆண்டு என்பது மூன்றாகக் குறைந்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து பாலிசி நடந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, 'நோயைச் சொல்லவில்லை' என்று இழப்பீட்டை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு ஆண்டு. பணமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு, டிஸ்சார்ஜ் அன்று மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி என்றும் காலக்கெடு வந்துள்ளது. 2025 ஜனவரியில் இருந்து, 60 வயதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால், நிறுவனங்கள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முன்கூட்டியே பேசியாக வேண்டும்.

ஆயுள் காப்பீட்டிலும் ஒரு நிம்மதி. 2024 அக்டோபர் முதல், புதிய சேமிப்பு வகை பாலிசிகளை ஓராண்டு பிரீமியம் கட்டிவிட்டு நிறுத்தினாலும் ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். எந்த பாலிசியையும் வாங்கி 30 நாள்களுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரலாம். தெரிந்தவர் வற்புறுத்தியதால் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த 30 நாளை மறக்க வேண்டாம். சேமிப்போடு கலந்த பாலிசியைவிட, சம்பாதிப்பவர் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி மலிவு; குடும்பத்துக்குப் பாதுகாப்பும் அதிகம்.

பைக் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. ஆறாம் ஆண்டு யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. அந்த நிலையில் விபத்து நடந்தால் இழப்பீட்டுச் சுமை வண்டிக்காரர் தலையில் விழும். ஆர்.சி. புத்தகத்தோடு காப்பீட்டுத் தேதியையும் பாருங்கள்.

மே கடைசி வாரம், ஒரு கண்ணி

கடனும் காப்பீடும் தேதியும் சந்திக்கும் இடம் மே மாதக் கடைசி வாரம். பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு. 50 வயதுக்குள் சேரலாம். சுரக்ஷா திட்டத்தில் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. 70 வயது வரை. இரண்டுமே ஜூன் 1 முதல் மே 31 வரை நடக்கும். பிரீமியம் மே கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும்.

அந்த வாரத்தில் மாதச் சம்பளம் கரைந்திருக்கும். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று நோட்டுக்கும் சீருடைக்கும் பணம் எடுத்திருப்பார்கள். மிச்சத்தைத் தவணை துடைத்திருக்கும். 436 ரூபாய் இல்லாத காரணத்தால் 2 லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு சத்தமில்லாமல் அறுந்துவிடும். மறுபடி சேர்ந்தாலும், ஆயுள் காப்பீட்டில் முதல் 30 நாளுக்கு விபத்து மரணம் தவிர வேறெதற்கும் இழப்பீடு கிடையாது.

இதற்குத் தீர்வு எளிது. கணவன், மனைவி இருவருக்கும் இரண்டு திட்டமும் சேர்த்து ஆண்டுக்கு 912 ரூபாய். ஒரே ஒரு மாத உரிமைத்தொகையில் அடங்கிவிடும், 88 ரூபாய் மிச்சமும் இருக்கும். எந்தத் தவணையும் தொடாத ஒரு தனிக் கணக்கில் அந்த ஒரு மாதத் தொகையை ஒதுக்கி, பிரீமியம் அந்தக் கணக்கில் இருந்தே பிடிக்கும்படி பதிந்துவிடுங்கள். இரண்டு வங்கிகளில் இருந்து இரண்டு முறை பிடிக்கப்படுகிறதா என்றும் பாஸ் புத்தகத்தில் பாருங்கள். ஒருவருக்கு ஒரு காப்பீடுதான் செல்லும், இரண்டாவது பிரீமியம் வீண்.

நகையும் புது விதியும்

கடைசிப் புகலிடம் நகை. பவுன் விலை 2025 டிசம்பரில் லட்சம் ரூபாயைத் தாண்டியதால், அதே நகைக்குக் கூடுதல் கடன் கிடைக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் அறிவித்து, 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் குறித்த விதிப்படி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 சதவிகிதம் வரை தரலாம். கடனை அடைத்த பின் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தராவிட்டால், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 37 சதவிகித வட்டி கட்டும் செயலிக் கடனை, கூட்டுறவு வங்கி நகைக்கடனால் அடைப்பதில் அர்த்தம் இருக்கிறது. அடைத்த கையோடு அந்தச் செயலியில் மறுபடி வாங்கினால், கடனும் நிற்கும், நகையும் போகும்.

சுயஉதவிக் குழு வங்கிக் கடனையும் மறந்துவிட வேண்டாம். தேசிய ஊரக வாழ்வாதாரத் திட்டத்தின் கீழ் உள்ள குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவிகிதம்தான். நூற்றுக்கு மாதம் அறுபது காசுக்கும் குறைவு.

செய்ய வேண்டியவை ஆறு

1. வருட நாள்காட்டி ஒன்றை எடுத்து, வரவு நாள்களை ஒரு நிறத்திலும், டியூ, பிரீமியம், பள்ளிக் கட்டணம், ஆடித் திருவிழா, வர இருக்கும் செய்முறை ஆகியவற்றை இன்னொரு நிறத்திலும் குறியுங்கள். நெருக்கடி மாதங்கள் தானாகத் தெரியும்.

2. கடன் கொடுத்தவரிடம் தவணைத் தேதியை 10-க்கு மேல் மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். புதுக் கடன் என்றால், கையெழுத்துக்கு முன்பே தேதியைப் பேசி முடியுங்கள்.

3. ஒரு பொருளின் டியூ முடியும் வரை அடுத்த பொருளைத் தவணைக்கு வாங்காதீர்கள். பண்டிகைக் கால இணையத் தள்ளுபடிகள் போனஸுக்கு முன்பே வருகின்றன. பொருளை போனஸ் வந்த பிறகு ரொக்கம் கொடுத்து வாங்குங்கள்.

4. ஆடு விற்ற பணமோ, தக்காளி விலை ஏறிய வாரத்துக் கூடுதல் பணமோ வந்தால், ஒரு மாதத் தவணைக்குச் சமமான தொகையைத் தொடாமல் வையுங்கள். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிய 2023 ஜூலை போன்ற மாதமும் வரும். பறிகூலிகூடக் கட்டாத மாதமும் வரும்.

5. காப்பீட்டுக்குத் தனிக் கணக்கு. அதிலிருந்து எந்தக் கடனுக்கும் தானியங்கிப் பிடித்தம் கூடாது.

6. ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் உடனே புகார் செய்யுங்கள்.

சிக்கிக்கொண்டால்...

தவணை தவறப் போகிறது என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. உறவினர்களிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. வலுக்கட்டாய வசூலைக் குற்றமாக்கும் சட்டத்தைத் தமிழக சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றியிருக்கிறது. சிறைத் தண்டனை உண்டு. நிறுவனத்திடம் புகார் செய்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம், தொலைபேசி 14448. காப்பீட்டுப் புகாருக்கு 155255. போலிச் செயலி மிரட்டினால் 1930. கடன் கட்ட முடியாதது குற்றமில்லை. மிரட்டுவதுதான் குற்றம். இதை வீட்டில் எல்லோரும், முக்கியமாக வளர்ந்த பிள்ளைகள், தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எல்லாப் பொறுப்பையும் குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. சம்பளம் ஏழாம் தேதி வரும் ஊரில் இரண்டாம் தேதி தவணை வைப்பது கடன் கொடுப்பவரின் தவறு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சம்பளத் தேதியைக் கேட்டு, அதற்குப் பின்னால் தவணை வைப்பதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும். ஆலை நிர்வாகங்கள் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். காப்பீட்டு விவரத்தைச் சம்பளச் சீட்டிலேயே தமிழில் அச்சிட வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் பேரூராட்சியும் வங்கிக் கிளைகளும் சேர்ந்து காப்பீட்டு முகாம் நடத்த வேண்டும். சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் கடன் விவரத் தாளைச் சத்தமாக வாசித்து, 'இது எத்தனை வட்டி?' என்று கணக்குப் போடுவதை ஒரு வழக்கமாக்க வேண்டும். வட்டிக் கணக்கு இந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; அந்தத் தாள் மட்டும் அவர்கள் கைக்குத் தமிழில் வந்து சேரட்டும்.